துருப்பிடித்த அரிவாள்மணையை மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபின் பித்தளையையும் எவர்சில்வரையும் எல்லாரும் தேய்த்துக் கழுவி எடுத்தார்கள். அடுப்படி மூலையில் சேற்றோடு கிடந்த அரிவாள்மணையை மட்டும் யாரோ செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து நான் அதை இறக்கியபோது தாள் அலகோடு ஒட்டிப்போயிருந்தது; உரித்தால் துருவும் அச்செழுத்தும் ஒன்றாகப் பெயர்ந்து வந்தன. அதைக் காய் நறுக்கும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதில் ஒரு வாரம், நானே அவசரப்பட்டுச் செய்த தவற்றைச் சரிசெய்யப் போயிற்று. இங்கே சொல்லும் முறை அரிவாள்மணைக்கு மட்டுமன்றி, பழைய கறிக்கத்தி, கொடுவாள், பாக்குவெட்டி என்று எஃகில் அடித்த எந்த வீட்டுக் கருவிக்கும் பொருந்தும். எவர்சில்வர் கத்திக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். பழைய அலகில் இரண்டு நிறங்கள் இருக்கும். ஒன்று செம்மண் போன்ற சிவப்பு. அது நுரைபோல் துளையுள்ளது. ஈரத்தையும் உப்பையும் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பைத் தொடர்ந்து தின்னும். மற்றொன்று கருப்பு, அல்லது நீலம் ஓடிய சாம்பல் நிறம். அது இரும்போடு இறுக ஒட்டியிருக்கும் வேறுவகை ஆக்சைடு; பல ஆண்டுகள் வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கியதால் படிந்த கறையும் அதில் கலந்திருக்கும். இந்தக் கருப்பு அலகுக்குத் தோல் மாதிரி, துருவை ஓரளவு தடுக்கும். ஆகவே சிவப்பை எடுக்க வேண்டும், கருப்பை விட்டுவிட வேண்டும். கண்ணாடிபோல் மின்ன வைக்கவேண்டும் என்ற ஆசையால்தான் பெரும்பாலான பழைய அலகுகள் பாழாகின்றன. மின்ன மின்னத் தேய்த்த எஃகு சென்னைக் காற்றில் ஒரே இரவில் மறுபடியும் சிவந்துவிடும்.

தொடுவதற்கு முன் பார்ப்பது

அலகை நல்ல வெயிலில் வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லர் அடித்த முத்திரையோ, புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரெழுத்தோ துருவுக்கு அடியில் மறைந்திருக்கலாம். அந்த இடத்தை உப்புத்தாள் தொடக்கூடாது. பிறகு ஒரு தையல் ஊசியின் நுனியால் துரு தடித்திருக்கும் இடங்களில் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஊசி சற்று உள்ளே போய்க் கெட்டியான இரும்பில் நின்றால் அது வெறும் குழி, கவலையில்லை. வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்தில் ஊசி மறுபக்கம் வந்துவிட்டால், அந்த ஓரம் முழுவதையும் அரைத்துத் தள்ளிப் புதிய வாய் கட்டவேண்டியிருக்கும்.

மிக முக்கியமாக, அலகு பலகையில் இறங்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். காய் கழுவிய நீரும் தேங்காய்ப் பாலும் வடிந்து தேங்குவது அங்கேதான். பெரும்பாலான அரிவாள்மணைகள் வாயில் சாவதில்லை, இந்த அடிக்கழுத்தில்தான் சாகின்றன. அங்கே விரிசல் தெரிந்தாலோ, லேசாக ஆட்டும்போது இரும்பே வளைந்து கொடுத்தாலோ, அந்த அலகை மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள். பெண்கள் தம் முழு எடையையும் கொடுத்துப் பூசணியை அழுத்தும் இடம் அது.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொன்னதைச் செய்யவேண்டும். நிற்கும் அலகு கையில் பிடிக்கும் கத்தியைவிட ஆபத்தானது, ஏனெனில் வழுக்கினால் கைதான் அலகின்மேல் போய் விழும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கிழித்து வாயின்மேல் செருகி, இரண்டு இடத்தில் நூலால் கட்டிவிடுங்கள். வாயைத் தீட்டும் கட்டம் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். தடித்த கையுறை, துருத்தூளுக்கு ஒரு முகக்கவசம் இரண்டும் வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், மண்ணில் கிடந்த இரும்பில் வேலை தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அழுக்கை எடுப்பது

துருவின்மேல் பழைய எண்ணெயும் அடுப்புப் புகையும் சேர்ந்து பிசின்போல் உறைந்திருக்கும். அதை எடுக்காமல் வேறு எதைத் தடவினாலும் துருவை எட்டாது. சூடான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, துணியில் தொட்டு அலகை மட்டும் இரண்டு மூன்று முறை துடையுங்கள். பலகையை நீரில் முக்கக்கூடாது.

நன்றாக உலர்ந்தபின் அலகு முழுதும் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ தாராளமாகத் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை. துருச் செதிலுக்கு அடியில் ஊறி அதன் பிடியைத் தளர்த்துகிறது. மறுநாள் ஒரு பழைய பித்தளைக் கரண்டியின் காம்பால் சுரண்டினால் மேல்துரு செதில் செதிலாக உதிரும். பித்தளை எஃகைவிட மென்மையானது, ஆகையால் துருவைப் பெயர்க்கும், அலகைக் கீறாது. இரும்பு ஸ்குரூ டிரைவரை இதற்கு எடுக்கவேண்டாம். லேசான துரு என்றால், இந்த இடத்திலேயே கசக்கிய அலுமினியத் தாளையும் எண்ணெயையும் வைத்துத் தேய்த்து வேலையை முடித்துவிடலாம். அமிலம் வரை போகத் தேவையே இராது.

அமிலம், புளி, உப்பு

என் தவறு இங்கேதான் நடந்தது. பித்தளைக் குடத்துக்குப் புளியும் கல்லுப்பும் வைத்துத் தேய்ப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் என்பதால், அதே கலவையை அலகில் தடவி இரவு முழுதும் விட்டுவிட்டேன். காலையில் அலகு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கழுவியபின் முன்பு இல்லாத ஊசிக்குழிகள் வரிசையாகத் தெரிந்தன. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைப்பது உண்மைதான். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் குழிகளுக்குள் புகுந்து, அரிப்பை அங்கிருந்தே மீண்டும் மீண்டும் தொடங்கிவைக்கும். கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் அழிவதற்கும் அதே குளோரைடுதான் காரணம். பித்தளைக்குச் சரியான வைத்தியம் இரும்புக்கு விஷம் என்பதை ஆயாவிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். புளியைத் தனியாகக் கரைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் உப்பு ஒரு கல்கூடக் கூடாது. கடையில் வாங்கும் புளியில் சில நேரம் உப்பு சேர்ந்தே வருகிறது என்பதால், நான் இப்போது புளிப்பக்கமே போவதில்லை.

எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலமே சிறந்தது. பெயரில்தான் உப்பு இருக்கிறது. அதிக அளவில் வேண்டுமென்றால் பாரிமுனைக்கு அருகே நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் போதும். பலகையோடு இருக்கும் அலகை வாளியில் முக்க முடியாது. ஆகவே பழைய பருத்தி வேட்டியைப் பட்டையாகக் கிழித்து, கரைசலில் நனைத்து, கட்டுப்போடுவதுபோல் அலகைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கரைசல் மரத்தில் இறங்காதபடி அடிக்கழுத்தில் மெழுகையோ வாசலினையோ தடித்துப் பூசிவிடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு கருஞ்சாம்பல் சேறாக மாறி வழியும். அதைத் துடைத்துவிட்டு, தேவையென்றால் புதிதாக நனைத்த துணியைச் சுற்றுங்கள். மொத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அமிலம் துருவை முடித்துவிட்டு எஃகையே தொடங்கிவிடும், கூடவே நாம் காக்க நினைத்த கருப்பையும் கொண்டுபோய்விடும். எனவே எதையும் இரவு முழுவதும் விடவேண்டாம். வெள்ளை வினிகரும் இதே வேலையைச் செய்யும், சற்று மெதுவாக. ஆனால் குளியலறை கழுவும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது அமிலமும் குளோரைடும் ஒரே பாட்டிலில். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடருக்கு அருகிலும் கொண்டுபோகக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அமிலம் முடிந்த அடுத்த ஐந்து நிமிடம்தான் முழு வேலையிலும் அவசரம் தேவைப்படும் ஒரே இடம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து, அதால் அலகைத் துடைத்து அமிலத்தை முறியுங்கள். பிறகு நல்ல நீரால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர்வெல் நீர் உப்புக்கரித்தால் அதைக் கடைசித் துடைப்புக்குப் பயன்படுத்தக்கூடாது. குடிக்கும் நீரையே எடுங்கள். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றைக் காட்டி, அலகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் பூசிவிடுங்கள். தொலைபேசி மணி அடித்ததென்று எழுந்துபோனால், திரும்பி வரும்போது அலகின்மேல் மெல்லிய ஆரஞ்சுப் படலம் காத்திருக்கும். அப்படி வந்தாலும் பதற வேண்டாம், எண்ணெய் தொட்ட மென்மையான ஸ்டீல் உல்லால் துடைத்தால் போய்விடும்.

மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையையும் சிலர் கேட்பதுண்டு. சலவை சோடா கரைத்த நீரில் 12 வோல்ட் சார்ஜரின் எதிர்மின் முனையைக் கருவியிலும் நேர்மின் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைத்து, இரண்டையும் ஒன்றையொன்று தொடாதவாறு வைப்பதே அந்த முறை. நல்ல எஃகை அது அரிப்பதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வகம் 1930களிலேயே அரித்துப்போன வெண்கலங்களுக்கு இதே கொள்கையில் வைத்தியம் பார்த்தது. ஆயினும் பலகையிலிருந்து கழன்ற அலகுக்கும் தனிக் கத்திக்கும்தான் வீட்டில் இது ஒத்துவரும். நேர்மின் முனையில் எவர்சில்வரை மாட்டினால் குரோமியத்தின் நச்சுச் சேர்மம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் மொட்டை மாடியில், தீ இல்லாத இடத்தில் செய்யவேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் உங்கள் அலகே கரையும். இவ்வளவு கவனம் வைக்க முடியாதவர்கள் எலுமிச்சை உப்போடு நிற்பதே மேல்.

உப்புத்தாள்

இதற்குப் பிறகும் அங்கங்கே ஒட்டியிருக்கும் துருவுக்கு, ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு 320, 600 எண்களில் இரண்டிரண்டு தாள் வாங்குங்கள். தாளை ஒரு சிறிய மரத்துண்டில் சுற்றி, எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்த கோடுகள் பிறகு எத்தனை தேய்த்தாலும் கண்ணை உறுத்தும். குழிகளின் அடிவரை எட்டவேண்டும் என்று முயலாதீர்கள். ஒரு குழியை மறைக்க அதைச் சுற்றியுள்ள நல்ல எஃகு முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்க்கவேண்டியிருக்கும். அது ஒரு தலைமுறை உழைப்பை அரைமணியில் வீணாக்குவதாகும். குழிக்குள் சிவப்பு இல்லாமல் கருப்பு மட்டும் இருந்தால் போதும்.

தேங்காய் துருவும் பற்களுக்குத் தாள் எட்டாது. சணல் கயிற்றை எண்ணெயில் தொட்டு, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, பல்லிடுக்குகளில் முன்னும் பின்னும் இழுங்கள். மழுங்கிய பல்லை முக்கோண அரத்தால் இரண்டு மூன்று இழுப்பில் கூர்செய்யலாம். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுத்தால் உயரம் மாறாது.

வாயைத் தீட்டுவது

சாணை பிடிப்பவர் தெருவில் வந்தால் கொடுத்துவிடலாமா? மிதித்துச் சுழற்றும் பழைய சாணைக்காரர் என்றால் கொடுக்கலாம். மோட்டாரில் ஓடும் வறண்ட சக்கரம் என்றால், ஓரிரு விநாடிக்கு ஒருமுறை அலகை நனைக்கச் சொல்லி அருகிலேயே நில்லுங்கள். மெல்லிய வாய் சட்டென்று சூடேறும். சுமார் 300 டிகிரி செல்சியஸை எட்டும்போது எஃகு நீலம் பாயும். கொல்லர் கொடுத்த பதம், அதாவது எஃகின் கடினம், அந்த இடத்தில் போய்விட்டது என்பதற்கு அந்த நீலமே அடையாளம். பதம் போன வாய் தீட்டிய அன்றைக்கு மட்டும் வெட்டும். நீலம் பாய்ந்த பகுதியை முழுதும் அரைத்துத் தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆங்கிள் கிரைண்டரைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

வீட்டில் செய்ய, ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நைசும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்று போதும். அரிவாள்மணையில் அலகு அசையாது, ஆகவே கல்தான் அலகிடம் போகவேண்டும். பலகையை மேசையோடு கிளாம்பால் இறுக்கி, வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி, முதுகுப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். இப்போது குழாய் உறையைக் கழற்றலாம். கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் முகத்துக்குப் பின்னால் இருக்கவேண்டும், விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

முதலில் பழைய சரிவைக் கவனியுங்கள். சில அலகுகளில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும், சிலவற்றில் இருபக்கமும் சரிவு இருக்கும். கொல்லர் வைத்த சரிவையே பின்பற்றுங்கள். சரிவு முற்றிலும் தேய்ந்துபோயிருந்தால் பக்கத்துக்கு 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். தனிக் கத்தியைக் கல்லில் தீட்டுபவர்கள், 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1.4 செ.மீ. தூக்கினால் அந்தக் கோணம் வரும். சரிவின்மேல் எழுதுமைப் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கல்லை ஓட்டினால், மை எங்கே அழிகிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்ளலாம்.

கல்லை நனைத்து, சிறு சிறு வட்டமாக வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். உட்குழிந்த வளைவு இருந்தால் தட்டைக் கல் அங்கே படியாது. ஒரு உருட்டுக் கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி அந்த இடத்துக்குப் பயன்படுத்துங்கள். தீட்டாத பக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல நகர்த்தினால், ஓரத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது வாய் முழுநீளத்துக்கும் வந்தபின்தான் நைசுப் பக்கத்துக்கு மாறவேண்டும். இடையில் விட்ட இடத்தில் அலகு வெட்டாது. கடைசியில் பழைய தோல் பெல்ட்டால் முதுகிலிருந்து வாய்நோக்கி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்தால் இறங்கவேண்டும். இறங்காமல் வழுக்கினால் நைசுக் கல்லுக்கே திரும்புங்கள்.

பலகை

பலகையைத் தேய்த்துப் புதிதாக்குவதில் எனக்கு விருப்பமில்லை; உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான மரத்தை எந்த உப்புத்தாளும் தரமுடியாது. அழுக்கைத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் உலோக உலர்த்திகள் சேர்ந்திருக்கும், உணவு படும் பொருளுக்கு அது வேண்டாம். பச்சை எண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டோ நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்தவேண்டும். அலகு பலகையில் லேசாக ஆடினால் பழைய ஆணியைப் பிடுங்காமல், மெல்லிய மூங்கில் ஆப்பைச் செருகி இறுக்கிப் பாருங்கள். பலகையோ ஆணியோ உளுத்துப்போயிருந்தால் தச்சரிடமோ கொல்லரிடமோ போகவேண்டும்.

கருப்பைத் திருப்பிக் கொடுப்பது

அமிலமும் தாளும் பட்ட இடங்கள் இப்போது வெளிறித் தெரியும். அவற்றுக்குத் தோல் போட நம் வீட்டிலேயே பொருள் இருக்கிறது. கடுக்காய்த் தோலைப் பொடித்து, இரண்டு கைப்பிடி அளவை அரை லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். எண்ணெயைச் சோப்பால் நீக்கிய அலகில் அந்த நீரைத் துணியால் தொட்டுத் தொட்டுத் தடவினால், சில நிமிடங்களில் நீலக்கருமை படரும். கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கரிய சேர்மமாகிறது; கலம்காரித் துணியில் கருப்பு ஏறுவதும் இதே வினையால்தான். குழிகளில் மிஞ்சிய துளித் துருவையும் அது பிடித்து அடக்கிவிடும். மூன்று நான்கு முறை தடவி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, நீரால் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பொறுமை உள்ளவர்கள் கடுக்காயை விட்டுவிட்டு, ஒரு மாதம் வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கிக்கொண்டே இருக்கலாம். முதல் நாள் நறுக்கும் காயில் கருமை ஒட்டும், அந்தச் சில துண்டுகளை எறிந்துவிடுங்கள்.

இனி வரும் நாட்களில்

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஆகவே நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து அடுப்பின் அருகே இரண்டு நிமிடம் வைத்து, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு இழுத்துவிடுவது பழக்கமாகவேண்டும். தினமும் பயன்படுத்தும் அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து உறையும். பல மாதம் எடுக்காமல் வைக்கும் அலகுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் சிறந்தது, அது சிக்குவாடை வீசாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சிங்க்குக்குத் தள்ளி வையுங்கள்.

ஆயுத பூசைக்கு அரிவாள்மணைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். ஈரச் சந்தனம் காய்ந்து நாட்கணக்கில் அலகிலேயே இருந்தால், அதன் அடியில் பொட்டு வடிவத்திலேயே துரு விழும். மறுநாள் துடைத்துவிட்டு, அடிக்கழுத்து வரை எண்ணெய் பூசுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க அதிக நாள் இருக்காது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கும் அதுவே சரியான நாள். அப்போது எங்காவது சிவப்புப் புள்ளி தெரிந்தால் எலுமிச்சை உப்பெல்லாம் எடுக்கவேண்டாம். எண்ணெயும் கசக்கிய அலுமினியத் தாளும் வைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து, கடுக்காய் நீரைத் தொட்டு வைத்தால் போதும்.